அன்ரனா பழுதா, கேபிள் பழுதா? கூரையில் ஏறுவதற்கு முன் பார்க்க வேண்டியவை

"செற் பழுதாப் போச்சு அண்ணை, போன கிழமை மட்டும் நல்லாத்தான் கேட்டது." குருநகரிலோ மயிலிட்டியிலோ படகில் வீ.எச்.எப். (மிகவுயர் அலைவரிசை) வானொலிச் செற் வைத்திருப்பவரும் சரி, மொட்டைமாடியில் பைப் நட்டு அமெச்சூர் வானொலி தொடங்கிய பொடியனும் சரி, முதலில் குறை சொல்வது செற்றைத்தான். அநேகமாகச் செற்றில் ஒன்றும் இராது. அடுத்த சந்தேகம் அன்ரனா மேல் விழும். உடனே ஏணி வரும். அதிலும் பெரும்பாலும் ஒன்றும் இராது. இரண்டுக்கும் நடுவில் கிடக்கிற கேபிளையும் அதன் இரு நுனிகளிலும் உள்ள கனெக்ரர்களையும் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. கடலும் களப்பும் சூழ்ந்த யாழ்ப்பாணக் குடாநாட்டில் உப்புக்காற்று முதலில் தின்பது அவற்றைத்தான்.

ஆகவே இங்கே சொல்லப்போவது ஒரே ஒரு ஒழுங்குமுறை. செற்றில் தொடங்குங்கள், வெளிப்பக்கமாகப் போங்கள், ஒரு நேரத்தில் ஒரு துண்டைத்தான் பாருங்கள். ஒரு துண்டு நல்லது என்று உறுதியாகும்வரை அடுத்ததைத் தொடாதீர்கள். கேபிளையும் அன்ரனாவையும் ஒரே நாளில் மாற்றிவிட்டால், எது பழுதாக இருந்தது என்பது கடைசிவரை தெரியாது.

தொடங்குமுன் சட்டமும் பாதுகாப்பும். இலங்கையில் ஒலிபரப்பும் கருவியை வைத்திருக்கவும் பாவிக்கவும் 1991ஆம் ஆண்டின் 25ஆம் இலக்கத் தொலைத்தொடர்புகள் சட்டத்தின்கீழ் அனுமதி வேண்டும். அமெச்சூர் உரிமத்தைத் தருவது தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழு. உரிமம் இல்லாதவர்கள் பி.ரி.ரி. பட்டனை (பேசும்போது அமத்துகிற பட்டனை) அமத்தாமலே செய்யக்கூடிய சோதனைகளும் இதில் கனக்க உண்டு. படகுச் செற்றை வைத்துப் பார்ப்பவர்கள் 16ஆம் சனலில், அதாவது 156.8 மெகாஹேட்ஸில், சோதனை செய்யவே கூடாது. ஆபத்துக் காலத்தில் உதவி கேட்கிற சனல் அது. அடுத்தது கரண்ட் கம்பி. பைப்பை நிமிர்த்துமுன் அது விழுந்தால் எங்கே விழும் என்று பாருங்கள். அந்த வட்டத்துக்குள் மின்கம்பி இருந்தால் வேறு இடம் தேடுங்கள். ஐப்பசியிலும் சித்திரையிலும் பின்னேரம் இடி முழங்கத் தொடங்கினால் கேபிளைக் கழற்றி வீட்டுக்கு வெளியே விட்டுவிடுங்கள். அன்றைக்குச் சோதனை இல்லை.

என்னென்ன தேவை?

மல்ரிமீற்றர் ஒன்று. நல்லது என்று நிச்சயமாகத் தெரிந்த ஒரு மீற்றர் நீளக் குட்டைக் கேபிள் ஒன்று. எஸ்.டபிள்யு.ஆர். மீற்றர் ஒன்று, உங்கள் அலைவரிசைக்கு ஏற்றதாக, வாட்டும் காட்டுவதாகப் பார்த்து வாங்குங்கள். அனுப்பிய சக்தியில் எவ்வளவு திரும்பி வருகிறது என்பதைக் காட்டும் எண்தான் எஸ்.டபிள்யு.ஆர்.; 1 என்றால் ஒன்றும் திரும்பவில்லை, எண் கூடக் கூடத் திரும்புவதும் கூடும். சீ.பி. ரேடியோவுக்குச் செய்த 27 மெகாஹேட்ஸ் மீற்றர், அமெச்சூர்காரர் பாவிக்கும் 145 மெகாஹேட்ஸில் காட்டுவது வெறும் கதை. அப்புறம் ஒரு டம்மி லோட்.

டம்மி லோட் என்பது அன்ரனாவுக்குப் பதிலாகப் போடுகிற 50 ஓம் தடை. அனுப்புகிற சக்தியைக் காற்றில் விடாமல் வெப்பமாக்கிவிடும். வாங்கலாம், வீட்டிலேயும் செய்யலாம். 1 கிலோ ஓம், 2 வாட் கார்பன் ரெசிஸ்ரர் 20 எடுத்துச் சமாந்தரமாக இணைத்தால் 50 ஓம், 40 வாட் வரும். ரெசிஸ்ரர்களின் கால்களை இயன்றவரை கட்டையாக வெட்டுங்கள். கம்பி சுற்றிய ரெசிஸ்ரர் சரிவராது. மல்ரிமீற்றரில் 50 ஓம் என்றுதான் காட்டும், ஆனால் ரேடியோ அலைக்கு அது ஒரு சுருள். செய்து முடித்ததும் எஸ்.டபிள்யு.ஆர். 1.2க்குள் நிற்கிறதா என்று பாருங்கள்.

நனோ வீ.என்.ஏ. என்ற சின்ன அன்ரனா அளவுகருவி கையில் இருந்தால் பாதி வேலை மிச்சம். அதைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன். அது இல்லாமலும் முழுச் சோதனையையும் செய்யலாம்.

முதலில் பற்றரி, பிறகு செற்

அன்ரனாவில் கை வைக்குமுன் மல்ரிமீற்றரை டீ.சீ. வோல்ற்றில் வைத்து, செற்றின் பவர் வயர் வந்து சேருகிற இடத்தில் அளவுங்கள். சும்மா இருக்கும்போது 12.6 காட்டும். டம்மி லோட்டைப் போட்டு, பட்டனை அமத்தியபடி மறுபடியும் பாருங்கள். 25 வாட் படகுச் செற் அனுப்பும்போது 5 அம்பியர் அளவில் இழுக்கும். மெல்லிய வயர், கறுத்த பியூஸ், பாசி பிடித்த பற்றரி முனை, இதில் ஏதாவது ஒன்று இருந்தால் வோல்ற் 10க்குக் கீழே இறங்கிவிடும். அப்போது எதிர்ப்பக்கம் உங்களைக் கேட்காது, செற்றே அணைந்தும் போகலாம். அது அன்ரனாப் பிரச்சினையே இல்லை.

வோல்ற் சரி என்றால் செற்றுக்கும் டம்மி லோட்டுக்கும் நடுவில் அந்த நல்ல குட்டைக் கேபிளையும் மீற்றரையும் போடுங்கள். எஸ்.டபிள்யு.ஆர். 1க்குப் பக்கத்தில் இருக்க வேண்டும், வெளிவரும் வாட் செற்றின் புத்தகத்தில் போட்டிருக்கும் அளவுக்குக் கிட்ட இருக்க வேண்டும். இரண்டும் சரியென்றால் செற் சரி. இனி அதைத் திறக்க வேண்டாம்.

கண்ணும் கையும்

இப்போது கேபிள். கருவியைத் தொடாமல் முழு நீளத்துக்கும் கையால் தடவிக்கொண்டு போங்கள். யன்னல் சட்டத்தில் நசுங்கிய இடம், ஓட்டு விளிம்பில் உராய்ந்த இடம், வெயிலில் வெடித்த தோல், அணிலோ எலியோ கடித்த தடம் எல்லாம் விரலுக்குத் தெரியும். வளைவு இறுக்கமாக இருக்கக் கூடாது; ஆர்.ஜி.-58 என்ற மெல்லிய வகைக் கேபிளை ஐந்து சென்ரிமீற்றர் ஆரத்துக்குக் குறைய மடக்க வேண்டாம். கனெக்ரரைப் பிடித்து மெதுவாக ஆட்டுங்கள். கேபிள் தனியாகச் சுற்றினால் உள்ளே பின்னல் (நடுக்கம்பியைச் சுற்றியுள்ள கம்பி வலை) ஒட்டாமல் இருக்கிறது.

மல்ரிமீற்றர்

கேபிளின் இரண்டு நுனியையும் கழற்றுங்கள். ஒரு நுனி அன்ரனாவிலேயே கிடக்க அளந்தால், நீங்கள் அளப்பது கேபிளை மட்டுமல்ல.

முதல் அளவு: மற்ற நுனி திறந்திருக்க, இந்த நுனியில் நடுப்பின்னுக்கும் கனெக்ரர் உடலுக்கும் இடையே ஓம் பாருங்கள். மீற்றரின் ஆகக்கூடிய வரிசையில் வையுங்கள். முடிவில்லை, அதாவது இணைப்பே இல்லை, என்று காட்ட வேண்டும். பூச்சியத்துக்குப் பக்கத்தில் காட்டினால் எங்கோ முட்டுகிறது; பத்துக்கு ஒன்பது தரம் கனெக்ரருக்குள் பின்னலின் ஒரு மயிர்க்கம்பி நடுக்கம்பியைத் தொட்டிருக்கும். சில மெகா ஓம் காட்டி, பார்த்துக்கொண்டிருக்கும்போதே எண் ஊர்ந்தால் உள்ளே தண்ணீர். முனைகளை மாற்றி வைத்தால் வேறு எண் வரும். அரித்த உலோகமும் உப்புத்தண்ணீரும் சேர்ந்து உள்ளே ஒரு சின்னப் பற்றரியே ஆகிவிட்டன. மில்லிவோல்ற்றில் வைத்துப் பாருங்கள், சிலவேளை மின்னழுத்தமே காட்டும்.

இரண்டாவது அளவு: தூர நுனியில் நடுப்பின்னையும் உடலையும் ஒரு முதலை கிளிப்பால் இணைத்துவிட்டு இங்கே அளவுங்கள். 30 மீற்றர் ஆர்.ஜி.-58இல் ஒன்றிரண்டு ஓம் வரும். மீற்றரின் இரு முனைகளையும் ஒன்றாகத் தொட்டால் காட்டுகிற எண்ணை முதலில் கழித்துவிடுங்கள். பத்து, இருபது ஓம் என்றால் இணைப்பு அரித்திருக்கிறது. முடிவில்லை என்றால் அறுந்திருக்கிறது. இந்த நிலையிலேயே இன்னொருவரைக் கேபிளை நுனிக்கு நுனி ஆட்டச் சொல்லி எண்ணைக் கவனியுங்கள். எந்த இடத்தில் எண் துள்ளுகிறதோ அங்கேதான் பழுது.

புதிதாக வருபவர்கள் இடறுகிற ஓர் இடம் உண்டு. அன்ரனாவையே ஓம் மீற்றரால் அளந்து, "ஐயோ, சோட் ஆகிவிட்டது" என்று அதைக் கழற்றிப் போடுவார்கள். ஜே-போல், மடிப்பு டைபோல், காமா மட்ச் போட்ட சில யாகி ஆகிய அன்ரனா வகைகளில் நடுப்பின்னும் உடலும் நேர்மின்னுக்கு (டீ.சீ.) ஒன்றாகத்தான் இருக்கும். அவற்றில் பூச்சிய ஓம்தான் சரியான அளவு. நடுவில் பிரிந்த சாதாரண டைபோல் முடிவில்லை என்று காட்டும். உங்கள் அன்ரனா எந்த வகை என்று தெரிந்துகொண்டு அளவுங்கள்.

எஸ்.டபிள்யு.ஆர். குறைவு என்றால் நல்லது என்று யார் சொன்னது?

மல்ரிமீற்றர் தருவது சும்மா ஒரு முதல் சான்றிதழ். சிறு பற்றரியின் நேர்மின்னுக்கு நல்லதாகத் தெரிகிற கேபிள் 145 மெகாஹேட்ஸில் அரைவாசியைத் தின்றுகொண்டிருக்கலாம். அடுத்த சோதனைக்கு டம்மி லோட்டைக் கேபிளின் அன்ரனா நுனிக்குக் கொண்டுபோங்கள். செற் பக்கத்தில் வாட்டை அளவுங்கள். பிறகு மீற்றரையும் மேல் நுனிக்கு, டம்மி லோட்டுக்கு முன்னால் மாற்றி அளவுங்கள். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் கேபிளின் தீனி.

புதிய ஆர்.ஜி.-58 கேபிளே இந்த அலைவரிசையில் 100 மீற்றருக்கு 20 டெசிபல் அளவில் இழக்கும் (3 டெசிபல் இழந்தால் சக்தி பாதியாகும்). 30 மீற்றர் போட்டால் 6 டெசிபல். 20 வாட் அனுப்பினால் மேலே போய்ச் சேருவது 5 வாட். தடித்த ஆர்.ஜி.-213 என்றால் அதே நீளத்தில் 10 வாட்டுக்குச் சற்றுக் கூடப் போகும். உங்கள் அளவு இதைவிட மோசமென்றால் கேபிள் வயசாகிவிட்டது, அல்லது நனைந்துவிட்டது. கடையில் மலிவாகக் கிடைக்கும் ஆர்.ஜி.-58 என்றால் வாங்குமுன்னே ஒரு நுனியை உரித்துப் பாருங்கள். பின்னலின் இடைவெளியால் உள்ளே வெள்ளைப் பிளாஸ்ரிக் வடிவாகத் தெரிந்தால் பின்னல் போதாது.

இனித்தான் பலர் நம்ப மறுக்கிற விசயம். அந்த 30 மீற்றர் ஆர்.ஜி.-58இன் மேல் நுனியில் அன்ரனாவே இல்லாவிட்டாலும், கீழே மீற்றர் 1.7 அளவில் காட்டும். போகும்போது 6 டெசிபல், திரும்பும்போது 6 டெசிபல் இழந்து, மீற்றருக்கு வந்து சேருவது பதினாறில் ஒரு பங்குதான். மீற்றருக்கு அது "நல்ல அன்ரனா". ஆகவே இரண்டு மூன்று வருசத்தில் எஸ்.டபிள்யு.ஆர். தானாகவே 1.8இலிருந்து 1.3க்கு இறங்கியிருந்தால் சந்தோசப்படாதீர்கள். அன்ரனா திருந்தவில்லை, கேபிள் செத்துக்கொண்டிருக்கிறது. மேல் நுனியைத் திறந்துவிட்டு, மிகக் குறைந்த சக்தியில் ஓரிரு விநாடி மட்டும் பட்டனை அமத்தி அளந்து பாருங்கள். கட்டையான அல்லது தடித்த நல்ல கேபிளில் எண் பயங்கரமாக ஏற வேண்டும்; அந்த 30 மீற்றர் ஆர்.ஜி.-58 என்றால் 1.7க்குக் கீழே நிற்கக் கூடாது. ஏறாவிட்டால் புதுக் கேபிள் வாங்குவதற்குக் காசு சேருங்கள்.

அதேநேரம் 1.5க்கும் 1.2க்கும் சண்டை பிடித்து நாளைக் கழிக்கவும் வேண்டாம். 1.5இல் திரும்பி வருவது 4 சதவீதம், 2இல் 11 சதவீதம், 3இல் 25. எதிரில் கேட்பவருக்கு 1.5க்கும் 1க்கும் வித்தியாசமே தெரியாது.

கனெக்ரர்

இனி அந்த நுனிகள். மழைக்குப் பிறகு பழுதாகி, வெயிலில் சரியாகிற கோளாறு என்றால் சந்தேகமே வேண்டாம். மேல் கனெக்ரரைக் கழற்றுங்கள். ரேப்பை உரித்ததும் வளையத்தின் புரிகளில் பச்சைப் பொடி தெரியும். நடுப்பின் மினுக்கம் போய் மண்ணிறமாக இருக்கும். பிளேட்டால் கேபிளின் கறுப்புத் தோலை ஒரு விரல் நீளத்துக்குக் கீறி விரியுங்கள். செம்பு செம்பாகத் தெரிய வேண்டும். கறுத்து, தொட்டால் மயிர்போல நொறுங்கினால் தண்ணீர் பின்னல் வழியாக ஏறியிருக்கிறது. வெட்டுங்கள், மறுபடியும் உரியுங்கள், இன்னும் வெட்டுங்கள். பளிச்சென்று செம்பு வரும்வரை போக வேண்டும். சிலவேளை ஒரு மீற்றருக்கு மேலும் போகும். மனசு கேட்காமல் கறுத்த செம்பிலேயே புதுக் கனெக்ரரைப் போட்டால் அடுத்த மாரிக்கு மறுபடியும் ஏணி தேட வேண்டும். கறுத்த செம்பில் ஈயமும் ஒட்டாது.

படகிலும் வீட்டிலும் அதிகம் இருப்பது பி.எல்.-259 என்ற கனெக்ரர். இதைப் போடும் முறை இதுதான். முதலில் வெளி வளையத்தைக் கேபிளில் கோர்த்துவிடுங்கள். சொல்டர் செய்து முடித்த பிறகு வளையம் மேசையில் கிடப்பது இந்தத் தொழிலின் பழைய பகிடி. ஆர்.ஜி.-213 என்றால் 19 மில்லிமீற்றர் நடுக்கம்பி வெறுமையாகவும், அதன் பின்னால் 8 மில்லிமீற்றர் பின்னல் வெளியேயும் தெரிய உரியுங்கள். பின்னலில் மெல்லியதாக ஈயம் பூசுங்கள். உடலைத் திருகி ஏற்றினால் பக்கத் துளைகளால் பின்னல் தெரியும். அந்தத் துளைகள் வழியாக ஈயம் விடுங்கள், பிறகு நடுப்பின் நுனியில் விடுங்கள். 25 வாட் சொல்டரிங் அயன் இதற்குப் போதாது. உடல் சூட்டை உறிஞ்சிக்கொண்டே இருக்கும், நீங்கள் காத்திருக்கும் நேரத்தில் உள்ளே பிளாஸ்ரிக் உருகி நடுக்கம்பி நகர்ந்துவிடும். 80, 100 வாட் அயனால் சுறுக்கென்று வேலையை முடியுங்கள். ஆர்.ஜி.-58 மெல்லியது என்பதால் உள்ளே ஒரு குறைப்பான் குழாய் வேண்டும். சூடு ஆறியதும் மல்ரிமீற்றரின் அந்த இரண்டு அளவையும் திரும்பச் செய்யுங்கள்.

வீட்டில் மிச்சம் கிடக்கிற டிஷ் கேபிளைப் பற்றி ஒரு வார்த்தை. ஆர்.ஜி.-6 75 ஓம், இழப்புக் குறைவு. கேட்பதற்கு மட்டும் என்றால் தாராளமாகப் பாவிக்கலாம். ஆனால் அதன் பின்னல் பெரும்பாலும் அலுமினியம். ஈயம் ஒட்டாது. அதற்குரிய எப் கனெக்ரரைத்தான் போட வேண்டும்.

பி.எல்.-259 தண்ணீர் தாங்காது, 'N' வகைக் கனெக்ரர் தாங்கும். கடலோரம் என்றால் காசு கூடப் போனாலும் 'N' வகைதான் என்பது என் கட்சி. எதைப் போட்டாலும் சுற்றுவது முக்கியம். முதலில் தன்னோடு தானே ஒட்டிக்கொள்ளும் றப்பர் ரேப்பை நன்றாக இழுத்துச் சுற்றுங்கள்; வெயில் படாமல் அதன்மேல் பி.வி.சி. ரேப். கடைசிச் சுற்றுக் கீழிருந்து மேலாகப் போக வேண்டும். கிடுகு வேய்வதுபோல மேல் மடிப்பு கீழ் மடிப்பை மூடினால்தான் தண்ணீர் வழிந்தோடும். புளிப்பு மணம் வருகிற சிலிக்கன் பசையை இதில் பூச வேண்டாம், அந்த அமிலம் செம்பைத் தின்னும். கேபிள் வீட்டுக்குள் நுழையுமுன் ஒரு தொங்கல் வளைவு விடுங்கள். மழைநீர் அதன் அடியில் சொட்டிவிடும், சுவருக்குள் வராது.

கடைசியாக அன்ரனா

இவ்வளவும் சரியென்றால் மட்டும் அன்ரனாவைப் பாருங்கள். காற்று அடிக்கும்போது எஸ்.டபிள்யு.ஆர். ஆடினால் கழன்ற ஆணியோ மூட்டோதான் காரணம். ஆடாமல் எப்போதும் உயர்வாகவே இருந்தால் நீளத்தைப் பாருங்கள். கால் அலை அன்ரனா ஒன்றின் நீளம் மீற்றரில் ஏறக்குறைய 71ஐ மெகாஹேட்ஸால் வகுத்தால் வரும். 145க்கு 49 சென்ரிமீற்றர், 156.8க்கு 45. அரை அலை டைபோலுக்கு 143ஐ வகுங்கள், 7.1 மெகாஹேட்ஸுக்கு நுனிக்கு நுனி 20 மீற்றர் வரும், இரண்டு பனைக்கு நடுவில் தாராளமாகக் கட்டலாம்.

நீங்கள் பாவிக்கும் அலைவரிசை எல்லையின் கீழ் முனை, நடு, மேல் முனை என மூன்று இடத்தில் எஸ்.டபிள்யு.ஆர். எடுத்து எழுதுங்கள். கீழ் முனையில் குறைவாக இருந்தால் அன்ரனா நீளம் கூட, வெட்டலாம். மேல் முனையில் குறைவாக இருந்தால் நீளம் குறைவு. அதனால்தான் எப்போதும் கொஞ்சம் நீளமாகவே வெட்டித் தொடங்க வேண்டும். வீ.எச்.எப்.இல் ஒரு தரத்துக்கு இரண்டு மூன்று மில்லிமீற்றருக்கு மேல் வெட்டாதீர்கள். இரும்புப் பைப், தகரக் கூரை, தண்ணீர்த் தாங்கிக் கம்பி எல்லாம் அன்ரனாவோடு பேசும். நிலத்தில் வைத்து அளந்தது மேலே ஏற்றியதும் மாறுவது அதனால்தான்.

நனோ வீ.என்.ஏ. உள்ளவர்களுக்கு

முதலில் நீங்கள் பார்க்கப்போகும் அலைவரிசை எல்லையைப் போடுங்கள். பிறகு திறந்தது, சோட், 50 ஓம் என்ற மூன்று துண்டையும் மாட்டி அளவுதிருத்தம் செய்யுங்கள். எல்லையை மாற்றினால் திருத்தத்தையும் திரும்பச் செய்ய வேண்டும். அன்ரனாக் கேபிளை மாட்டுமுன் நடுப்பின்னையும் உடலையும் ஒரு தரம் தொடுத்துவிடுங்கள். காற்றில் சேர்ந்த நிலைமின்னே இந்தச் சின்னக் கருவியைக் கொல்லப் போதும். செற்றை இதில் மாட்டி ஒருபோதும் பட்டனை அமத்தாதீர்கள்.

கேபிள் இழப்பை இதில் அறிவது சுகம். மேல் நுனியைத் திறந்துவிட்டுத் திரும்பல் இழப்பை, அதாவது போன அலை எத்தனை டெசிபல் குறைந்து திரும்புகிறது என்பதை, பாருங்கள். அதில் பாதிதான் கேபிளின் ஒருவழி இழப்பு. பழுது எவ்வளவு தூரத்தில் என்றும் இது சொல்லும். அதற்குக் கேபிளின் வேகக் காரணியை (ஒளியின் வேகத்தில் எத்தனை பங்கு வேகத்தில் அலை கேபிளுக்குள் போகிறது என்பதை) கொடுக்க வேண்டும், ஆர்.ஜி.-58, 213 இரண்டுக்கும் 0.66. எதிரொலி 100 நனோ விநாடியில் திரும்பினால் பழுது ஏறக்குறைய 10 மீற்றரில் இருக்கிறது. சுவருக்குள் போன கேபிளில் இது பெரிய உதவி.

எல்லாம் சரி, ஆனாலும் கேட்கவில்லையா?

அப்போது தூரத்தைக் கணக்குப் பாருங்கள். மீற்றரில் அன்ரனா உயரத்தின் வர்க்கமூலத்தை 4.1ஆல் பெருக்கினால் அதன் ரேடியோ அடிவானம், அதாவது அலை சாதாரணமாகப் போய்ச் சேரும் எல்லை, கிலோமீற்றரில் வரும். 9 மீற்றர் பைப்புக்கு 12. எதிர்ப்பக்கமும் அதே உயரமென்றால் மொத்தம் 25. யாழ்ப்பாண நகரிலிருந்து நெடுந்தீவு நேர்கோட்டில் 40 கிலோமீற்றர் அளவில் இருக்கிறது. குடாநாடு தட்டையான தரை, மலை மறைக்காது. ஆனால் ஏறி நிற்கவும் மலை இல்லை. நெடுந்தீவைப் பிடிக்கவில்லை என்றால் கேபிளில் பிழை தேடாமல் பைப்பை உயர்த்துங்கள். மாறாக, வெக்கையான நாட்களில் பாக்குநீரிணைக்கு மேலே தமிழ்நாட்டு எப்.எம். நிலையங்கள் பக்கத்து வீடுபோலக் கேட்கும். கடலின் மேலுள்ள காற்றுப் படைகள் அலையை வளைத்துக் கொண்டுவருகின்றன. அப்படிப்பட்ட நாளில் அன்ரனா வேலை செய்து பாராட்டு வாங்க வேண்டாம், சாதாரண நாளில் திரும்பப் பாருங்கள்.

இரைச்சல்தான் தொல்லை என்றால் செற்றைப் பற்றரியில் ஓட்டி, வீட்டு மெயின் சுவிச்சை அணையுங்கள். இரைச்சல் அடங்கினால் எல்.ஈ.டி. பல்ப், போன் சார்ஜர், சோலார் இன்வேட்டர் ஆகியவற்றில் ஒன்று. ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்துக் கண்டுபிடிக்கலாம்.

எல்லாம் சரியாக ஓடுகிற நாளில் கீழ், நடு, மேல் ஆகிய மூன்று அலைவரிசையின் எஸ்.டபிள்யு.ஆர்., மேல் நுனி வாட், கேபிளின் இரண்டு ஓம் அளவு, திகதி ஆகியவற்றை ஒரு துண்டில் எழுதிச் செற்றின் அடியில் ஒட்டிவிடுங்கள். வருசா வருசம் புரட்டாசியில், மாரி தொடங்குமுன், அதே அளவுகளை எடுத்து ஒப்பிடுங்கள். எண் மாறியிருந்தால் மேல் கனெக்ரரில் தொடங்குங்கள்.